மகிமையின் எடை

நம்மூர்ப் பேச்சில் ஒருவரை 'வெயிட்டான ஆளு' என்கிறோம். ஆள் ஒல்லியாகக்கூட இருக்கலாம். அவருக்குப் பின்னால் பணமோ பதவியோ சாதியோ ஏதோ ஒன்று நிற்கிறது என்று பொருள். 'வெயிட்டு காட்டுறான்' என்றால் அதை அடுத்தவன் தலைமேல் இறக்கிப் பார்க்கிறான் என்று பொருள். முன்பெல்லாம் மந்திரிகளின் பெயருக்கு முன்னால் 'கனம்' போட்டுத்தான் எழுதுவார்கள், 'மாண்புமிகு' பிறகு வந்தது. நீதிமன்றத்தில் 'கனம் கோர்ட்டார்'. இந்தக் கனம் ஒருவருக்கு மண்டையில் ஏறிவிட்டால் தலைக்கனம். மதிப்பு என்பது இங்கே எடை. கிறிஸ்தவ வேதத்தில் தமிழர்கள் 'மகிமை' என்று வாசிக்கிற சொல்லும் இப்படி எடைக்கல்லிலிருந்துதான் தொடங்கியது. அது எப்படி ஒளியாக மாறியது, மாறியதால் யாருக்கு லாபம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி இறையியல் மாணவர்களுக்கானது என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம்மில் பலருக்கு 'தேவ மகிமை' என்றதும் சிம்மாசனமும் கிரீடமும் மண்டியிட்ட கூட்டமும்தான் கண்ணில் வரும். அரசனை வானத்தில் ஏற்றி வைத்த கற்பனை, அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறோம். ஓரளவு சரிதான். ஆனால் அந்தப் பிரதிக்குள் இந்தச் சொல்லுக்காக நடந்திருக்கும் சண்டையை இந்த அவசர வாசிப்பு பார்க்கத் தவறிவிடுகிறது.

எபிரேயச் சொல் காபோத். அதன் வேருக்குக் கனமாயிருத்தல் என்று பொருள். காபேத் என்றால் கனமானது. அதே சொல் ஈரலையும் குறிக்கும், உடம்பின் உள்ளுறுப்புகளில் எடை மிகுந்தது என்பதால் இருக்கலாம். ஆதியாகமத்தில் ஆபிரகாம் ஆடுமாடுகளாலும் வெள்ளியாலும் பொன்னாலும் 'கனத்திருந்தான்'. பஞ்சமும் அங்கே 'கனமாக' இருந்தது. லாபானின் பிள்ளைகள், யாக்கோபு தங்கள் அப்பன் சொத்திலிருந்துதான் இவ்வளவு காபோத் சேர்த்துக்கொண்டான் என்று புலம்புகிறார்கள். இந்த இடத்தில் காபோத்துக்குச் சொத்து என்றே அர்த்தம். தெய்விகம் எதுவும் இல்லை. பங்காளிச் சண்டைப் பேச்சு.

சொத்திலிருந்து மதிப்பு, மதிப்பிலிருந்து அரசனின் பெருமை, அங்கிருந்து கடவுளின் மகிமை. இப்படி ஒரு படிக்கட்டு போட்டுக் காட்டுவது அகராதிக்காரர்களுக்கு வசதி. யாத்திராகமத்தை எபிரேயத்தில் வாசிக்கிறவர்களுக்கு இந்தப் படிக்கட்டு உதவாது. எகிப்தில் செங்கல் அறுக்கும் அடிமைகள் ஓய்வு கேட்டபோது, இவர்கள் வேலையை இன்னும் கனமாக்குங்கள் என்கிறான் பார்வோன். அந்த வினை இந்த வேர்தான். அவர்களுக்காகப் பேசப் போகிற மோசே தன்னைக் கனத்த வாயும் கனத்த நாவும் உள்ளவன் என்று சொல்லிக்கொள்கிறான். திக்குவாய் என்றும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அதுவும் இதே வேர். பார்வோனின் இருதயம் கனத்துப் போகிறது. தமிழில் 'கடினப்பட்டது' என்று வருவதால் இந்தத் தொடர்பு நமக்குத் தெரிவதில்லை. ஈக்கள் கனமாக வருகின்றன, கல்மழை கனமாகப் பெய்கிறது, வெட்டுக்கிளி கனமாக இறங்குகிறது. கடைசியில் செங்கடல் ஓரத்தில், பார்வோனையும் அவன் சேனையையும் கொண்டு நான் மகிமைப்படுவேன் என்று கடவுள் சொல்லும் இடத்திலும் அதே வினை. சேற்றில் சிக்கிய ரதங்கள் நகர முடியாமல் போனதைச் சொல்லவும் அதே வேர்.

வேலைப்பளு, திக்கும் நாக்கு, அரசனின் நெஞ்சழுத்தம், வெட்டுக்கிளி, ரதச்சக்கரம், கடவுளின் மகிமை எல்லாமே ஒரே சொல்லின் பேரப்பிள்ளைகள். கதையைச் சொன்னவர்கள் தெரிந்தேதான் இதைச் செய்திருக்கிறார்கள். அடிமைகளின் முதுகில் எடையை ஏற்றியவன் தன் எடையாலேயே முழுகிப் போகிறான். இந்த ஏற்ற இறக்கக் கணக்கில் வருகிற மீதியைத்தான் அவர்கள் மகிமை என்றார்கள். அந்த வெற்றியில் ஒரு சேனையே செத்து மிதக்கிறது என்பதையும் மறக்க வேண்டியதில்லை. அடிமைகள் சொன்ன கதை என்பதற்காக அது சாந்தமான கதையாகிவிடாது.

இதை வைத்துக்கொண்டு மகிமை என்றாலே விடுதலை என்று கொடி பிடிக்கவும் முடியாது. எண்ணாகமம் 16ஆம் அதிகாரம் குறுக்கே நிற்கிறது. கோராகு என்ற லேவியனும் 250 தலைவர்களும் மோசேக்கும் ஆரோனுக்கும் எதிரே வந்து நிற்கிறார்கள். சபையார் எல்லோருமே பரிசுத்தர்கள்தானே, நீங்கள் மட்டும் ஏன் உங்களை உயர்த்திக்கொள்கிறீர்கள் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. நம்மூர்க் கருவறைப் போராட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அப்போது கர்த்தரின் மகிமை தோன்றுகிறது. யார் பக்கம்? ஆரோன் பக்கம். 250 பேரும் தூபகலசங்களோடு எரிந்து போகிறார்கள். ஆசாரியரல்லாதவர் தூபம் காட்டக் கிட்டே வரக்கூடாது என்பதற்கு நினைவுச் சின்னமாக அந்தக் கலசங்களைத் தகடாக அடித்துப் பலிபீடத்தில் பதிக்கிறார்கள். குருமார் மரபு எழுதிய பகுதி இது என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட விஷயம். அதே மரபில்தான் கூடாரத்தை மேகம் மூடுவதும் மகிமை அதற்குள் நிறைவதும் வருகின்றன. மகிமைக்கு முகவரி கொடுத்தவர்கள், அதற்குக் கதவும் காவலும் போட்டவர்கள் அவர்கள். கோராகின் கேள்வியை அழிக்காமல் எழுதி வைத்துவிட்டார்கள் என்பது மட்டும் நமக்கு மிச்சம்.

இனி அரண்மனைப் பக்கம். மெசொப்பொத்தாமியாவில் தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் மெலம்மு என்றொரு ஒளி உண்டு. பார்த்தவனை நடுங்க வைக்கும் பிரகாசம். அசீரிய அரசர்களின் கல்வெட்டுகளில் இது தேய்ந்துபோன வாய்பாடு. என் ஆட்சியின் பயங்கரப் பிரகாசம் அவனை மூடிக்கொண்டது, அவன் பணிந்தான் என்ற ரீதியில் போகும். கி.மு. 701இல் யூதாவின் மீது படையெடுத்த சனகெரிப் எருசலேம் அரசன் எசேக்கியாவைப் பற்றியும் இப்படித்தான் எழுதி வைத்தான். ஒளி மூடியது என்பதன் நடைமுறை அர்த்தம் கப்பம்: பொன், வெள்ளி, பெண்கள்.

அதே காலத்து எருசலேமில் வாழ்ந்த ஏசாயா, அசீரிய அரசனையும் அவனது காபோத்தையும் வெள்ளப் பெருக்கோடு ஒப்பிட்டு, அது கழுத்துமட்டும் ஏறும் என்று எழுதுகிறார். இந்த இடத்தில் காபோத் என்பது அசீரியப் பிரகாசத்துக்கான எபிரேயச் சொல் என்று சில ஆய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பை ஒத்துக்கொண்டால் 6ஆம் அதிகாரத்தின் புகழ்பெற்ற தரிசனமே வேறாகிவிடுகிறது. பூமி முழுக்க நிறைந்திருப்பது கர்த்தரின் மகிமை என்று சேராபீன்கள் பாடுவது வெறும் பக்திப் பாட்டாக நிற்காது. பூமி முழுக்க என்னுடையது என்று சாசனம் வெட்டிக்கொண்டிருந்த ஒரு வல்லரசுக்குப் பதில் அது. சின்ன நாட்டுக்காரன் பெரிய நாட்டின் சொல்லைத் திருடித் தன் கடவுளுக்குப் போர்த்துகிறான். திருடியது பேரரசின் சட்டை என்பதுதான் சிக்கல். போட்டுக்கொண்டவர் கடவுளானாலும் சட்டையின் அளவு மாறுவதில்லை.

அந்தச் சட்டை கிழிந்தது கி.மு. 597க்கும் 587க்கும் இடையில். பாபிலோனியர் எருசலேமை இரண்டு முறை பிடித்தார்கள், இரண்டாம் முறை கோயிலைக் கொளுத்தினார்கள். முதல் முறை பிடித்துக்கொண்டு போனவர்களில் எசேக்கியேல் என்ற குருவும் ஒருவர். கோயில் இல்லாத ஊரில் குருவுக்கு என்ன வேலை? அவர் குடியமர்த்தப்பட்டது கேபார் கால்வாய்க் கரையில், நிப்பூர் பக்கம். அல்-யாகூது என்ற யூதர் குடியிருப்பைச் சேர்ந்த களிமண் ஏடுகள் 2014இல் நூலாக வெளிவந்தன. அரசு நிலத்தில் பயிரிட்டு வரி கட்டிக் கடன் வாங்கி வாழ்ந்த ஒரு குடியேற்றச் சமூகம் அவற்றில் தெரிகிறது. எசேக்கியேலின் ஆட்களும் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அங்கேதான், கி.மு. 593 வாக்கில், அவருக்கு மகிமை தெரிகிறது. எருசலேமில் இருக்க வேண்டிய மகிமை பாபிலோன் கால்வாய்க் கரையில்! அதற்குச் சக்கரங்கள் இருக்கின்றன. சக்கரத்துக்குள் சக்கரம், எந்தப் பக்கமும் திரும்பாமலே ஓடக்கூடியது. இந்தச் சக்கரங்களை வைத்துப் பறக்கும் தட்டு வரைக்கும் கதை கட்டியாகிவிட்டது, அது போகட்டும். எனக்குப் பட்டது இது: மகிமைக்குச் சக்கரம் மாட்டியது ஒரு அகதியின் தேவை. எசேக்கியேலின் 10, 11ஆம் அதிகாரங்களில் மகிமை கோயிலை விட்டு வெளியேறுகிறது. ஒரேயடியாகப் போகவில்லை. வாசற்படியில் நிற்கிறது, கீழை வாசலில் நிற்கிறது, ஊருக்குக் கிழக்கே மலைமேல் நிற்கிறது. வீட்டை விட்டுப் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பது மாதிரி. எருசலேமில் மிஞ்சியிருந்தவர்கள் பேசிய பேச்சும் அங்கே பதிவாகியிருக்கிறது. துரத்தப்பட்டவர்கள் கர்த்தரை விட்டுத் தூரப் போய்விட்டார்கள், நிலம் இனி நமக்கே என்கிறார்கள் அவர்கள். காணி யாருக்கு என்ற சண்டைதான். எசேக்கியேலின் பதில், மகிமை நிலத்தோடு கட்டிப்போட்ட மாடு அல்ல என்பது. கடைசியில் 43ஆம் அதிகாரத்தில் புதுக் கோயிலுக்கு மகிமையைத் திருப்பிக் கூட்டி வந்து, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று அவரும் விதி எழுதுகிறார். குருவின் புத்தி குருவுக்கு.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் யூத வேதம் கிரேக்கமாகத் தொடங்கியது. காபோத்துக்கு அவர்கள் எடுத்த சொல் டோக்ஸா. இது விசித்திரமான தேர்வு. டோக்ஸா என்றால் கிரேக்கத்தில் தோன்றுவது, கருத்து, ஊரார் அபிப்பிராயம், பேர். பிளாட்டோவிடம் அது உண்மையான அறிவுக்குக் கீழ்ப்பட்ட வெறும் அபிப்பிராயம். ஒளி என்ற அர்த்தம் அதற்கு முன்பு அனேகமாக இல்லை, மொழிபெயர்ப்புதான் கொடுத்தது. எடை போய்த் தோற்றம் வந்தது. தராசில் நிறுத்த பொருள் இப்போது கண்ணால் பார்க்கிற பொருளாயிற்று. இலத்தீனில் அது குளோரியா, சில இடங்களில் வெளிச்சம் என்றே பொருள்படும் கிளாரித்தாஸ். பின்னால் ஓவியர்கள் தலையைச் சுற்றிப் பொன் வட்டம் போட இங்கேயே அடித்தளம் விழுந்தாயிற்று.

ஆனால் டோக்ஸாவின் இரட்டை அர்த்தத்தை ஒருவர் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார். யோவான் நற்செய்தியை எழுதியவர். மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் டோக்ஸா ஒன்று, கடவுளிடமிருந்து வரும் டோக்ஸா ஒன்று. ஊர் தரும் பேரையே அதிகமாக விரும்பினார்கள் என்று அதிகாரிகளைக் குத்திக் காட்டுகிறார். லூக்கா இன்னும் ஒரு படி மேலே. உலக ராஜ்ஜியங்களின் டோக்ஸாவை எடுத்துக் காட்டி, இதெல்லாம் என்னிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது, விரும்பினவனுக்குக் கொடுப்பேன் என்று சொல்பவன் அங்கே சாத்தான். ரோமப் பேரரசின் குடிமக்கள் காதில் இது எப்படி விழுந்திருக்கும்? கி.மு. 9இல் ஆசிய மாகாணத்தில் வெட்டிய பிரியேனே கல்வெட்டு, அகஸ்டஸின் பிறந்தநாளை உலகத்துக்கான நற்செய்தியின் தொடக்கம் என்று கொண்டாடுகிறது. அதே சொல்லை எடுத்துத்தான் நற்செய்தியாளர்கள் தங்கள் புத்தகத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

மற்ற மூன்று நற்செய்திகளிலும் மலைமேல் இயேசு வெண்மையாக ஒளிரும் காட்சி உண்டு, யோவானில் இல்லை. அங்கே மகிமையின் நேரம் என்பது சிலுவையில் உயர்த்தப்படும் நேரம். 'உயர்த்தப்படுதல்' என்ற சொல்லையே சிலேடையாக வைத்துக்கொள்கிறார். பட்டத்துக்கு உயர்த்துவதும் மரத்தில் தூக்குவதும் ஒன்றாகிறது. இந்தக் கருத்து ஆயிரம் பிரசங்கங்களில் வழவழப்பாகிவிட்டது. அதன் முரடை உணர வேண்டுமானால் சிலுவை என்னவென்று பார்க்க வேண்டும். முக்கியமாக அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் கொடுத்த தண்டனை அது. ஸ்பார்ட்டகஸின் எழுச்சி ஒடுக்கப்பட்ட கி.மு. 71இல், பிடிபட்ட 6,000 பேரை கப்புவாவிலிருந்து ரோம் வரை அப்பியா சாலையோரம் வரிசையாக அறைந்தார்கள். போகிற வருகிறவர்கள் பார்ப்பதற்காக. அதுவும் ஒரு 'தோற்றம்' காட்டல்தான், ரோமின் டோக்ஸா. அந்த மரத்தில் தொங்கியவரை மகிமையின் ஆண்டவர் என்று பவுல் கொரிந்தியருக்கு 50களில் எழுதுகிறார். அக்கம்பக்கத்தார் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு ரோமில் பாலத்தீன் குன்றின் சுவர்க் கிறுக்கல் ஒன்று சாட்சி. கழுதைத் தலையோடு சிலுவையில் ஒரு உருவம், எதிரே கை உயர்த்தி ஒருவன், அலெக்சமெனோஸ் தன் கடவுளைக் கும்பிடுகிறான் என்ற பொருளில் கீழே எழுத்து. கிண்டல். புரிந்துகொண்டு செய்த கிண்டல். இன்றைய விசுவாசிகள் பலரைவிட அந்தக் கிறுக்கல்காரனுக்கு விஷயம் விளங்கியிருந்தது.

பவுல் இன்னொரு காரியமும் செய்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில், இப்போதைய துன்பத்தின் லேசான தன்மையையும் வரப்போகும் மகிமையின் எடையையும் எதிரெதிராக வைக்கிறார். கிரேக்கத்தில் எழுதினாலும் மனசுக்குள் எபிரேயம் ஓடுகிறது. தொலைந்த எடை ஒரு வரியில் திரும்பி வருகிறது. எடைக்கு அவர் போட்ட சொல் பாரோஸ். நம் 'பாரம்' ஞாபகம் வரும், ஆனால் அது வேறு குடும்பம். பாரோஸுக்கு உண்மையான உறவினர் சமஸ்கிருத 'குரு', அதாவது கனமானவர். அதிலிருந்து கௌரவம். இந்த உறவுக்குப் பிறகு வருகிறேன்.

கி.பி. 325இல் நிக்கேயாவில் ஆயர்கள் கூடியபோது, பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் ஆட்சியின் 20ஆம் ஆண்டு விருந்துக்கு அவர்களை அழைத்தார். உருவிய வாளோடு நின்ற காவலர்களின் நடுவே பயமின்றி நடந்து உள்ளே போனார்கள், கிறிஸ்துவின் ராஜ்ஜியத்தின் சாயலைப் பார்த்ததுபோல் இருந்தது என்று யூசேபியஸ் எழுதுகிறார். ஒரு தலைமுறைக்கு முன் இதே வாள்கள் அவர்கள் கழுத்தில் இருந்தவை. மனிதர் பரவசப்பட்டதில் ஆச்சரியமில்லை. கி.பி. 400ஐ ஒட்டி ரோமின் சாந்தா புதென்சியானா ஆலயத்து மொசைக்கில் கிறிஸ்து பொன்னாடையில் சிம்மாசனத்தில் அமர்ந்துவிட்டார். அரசவையில் கூட்டம் எழுப்பும் வாழ்த்தொலியும் ஆலயத்தில் பாடும் துதியும் ஒன்றையொன்று பார்த்து எழுதிக்கொண்டன. எரிக் பீட்டர்சன், ஹிட்லரின் ஜெர்மனியில் 1935இல், ஒரே கடவுள் ஒரே அரசன் என்ற இந்தச் சமன்பாட்டைக் கிறிஸ்தவம் ஏற்க முடியாது என்று வாதாடினார். ஜார்ஜோ அகம்பென் 2007இல் வெளியிட்ட நூலில் அதை வேறு திசையில் நகர்த்தினார். அதிகாரத்துக்கு ஏன் மகிமை தேவைப்படுகிறது என்பது அவர் கேள்வி. சிம்மாசனம் உள்ளுக்குள் காலியாக இருக்கிறது, அதை மறைக்கத்தான் இத்தனை ஒளி என்பது அவர் பதில். கட்-அவுட் அரசியலைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விரிவுரை வேண்டாம். ஆனால் அகம்பெனின் கணக்கில் எபிரேயத்தின் எடை போதுமான அளவு ஏறவில்லை என்று தோன்றுகிறது. வாழ்த்தொலியை அவர் கேட்ட அளவுக்குச் செங்கல் சூளையைப் பார்க்கவில்லை.

தமிழுக்கு வருவோம். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சானதிலிருந்து எத்தனையோ மொழிபெயர்ப்புகள். புராட்டஸ்டண்டுகள் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் நிலைத்தது 'மகிமை'. சமஸ்கிருத மூலம், பெரிதாக இருத்தல் என்று பொருள். எட்டுச் சித்திகளில் மகிமா என்பது பேருருக் கொள்ளும் ஆற்றல். அதே பட்டியலில் கரிமா என்று ஒன்று இருக்கிறது, அசைக்க முடியாதபடி கனக்கும் ஆற்றல். காபோத்துக்குச் சரியான சித்தி அதுதான், யாரும் எடுக்கவில்லை. 1995இல் வந்த திருவிவிலியம் 'மாட்சி' என்றது. நல்ல தமிழ்தான். குறளில் 39ஆம் அதிகாரம் இறைமாட்சி. அங்கே இறை என்றால் அரசன். கடவுளும் அரசனும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் மொழியில், அரண்மனையைத் தாண்டிப் போக நினைத்த மொழிபெயர்ப்பு மறுபடி அரண்மனை வாசலிலேயே வந்து நின்றது.

ஓர் இடத்தில் பழைய மொழிபெயர்ப்பு எடையைக் காப்பாற்றியது. தகப்பனையும் தாயையும் பற்றிய கட்டளையில் வரும் 'கனம்பண்ணு'. எபிரேயத்தில் அது இந்த வேரேதான். புதிய மொழிபெயர்ப்பில் அது 'மதித்து நட' ஆகிவிட்டது. வாசிக்கச் சுலபம், கனம் போயிற்று.

பவுலின் பாரோஸுக்கு உறவான கௌரவம் நம்மிடம் என்ன ஆனது என்பது தெரிந்ததே. சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணைப் பெற்றவர்களே கொன்றால் அதற்குப் பெயர் 'கௌரவக் கொலை' என்று பத்திரிகைகள் வருஷக்கணக்காக எழுதின. பிறகுதான் 'ஆணவக் கொலை' என்று மாற்றிச் சொல்லப் பழகினோம். எடை ஒரு குடும்பத்தின் சொத்தாக, சாதியின் சொத்தாக இருக்கும்போது அது என்ன செய்யும் என்பதற்கு லாபானின் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டாம். தேவாலயத்துக்குள்ளும் அது வந்தது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயம் 1872இல் கால்சட்டை போல இரண்டு கைகளாகக் கட்டப்பட்டது. வேளாளர் முதலிய சாதியார் ஒரு கையில், நாடார் முதலியோர் மறு கையில், நடுவே சுவர். பீடம் மட்டும் இரண்டும் சேரும் இடத்தில். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்க்காமல் இரு பக்கமும் மகிமையைப் பார்க்கலாம் என்பது ஏற்பாடு. அடுத்த நூற்றாண்டில் சுவர் இடிக்கப்பட்டபோது உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய் 1910களில் தோற்றார்கள். நீதிமன்றம் சொன்னதை ஆலயம் முன்பே சொல்லியிருக்கலாம்.

ஆலயத்துக்கு இதைச் சொல்ல ஆதாரம் இல்லாமல் இல்லை. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் லியோன் நகர ஆயர் இரனேயு, கடவுளின் மகிமை என்பது உயிரோடிருக்கும் மனிதன் என்று எழுதியிருந்தார். அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் 177இல் அரங்கத்தில் வதைத்துக் கொல்லப்பட்டதை அறிந்தவர் அவர். உடம்பு இழிந்தது, ஆவிதான் உயர்ந்தது என்று பேசியவர்களுக்கு எதிராக எழுதியது. நூற்றாண்டுகளாக இது நூலகத்துக்குள் கிடந்தது. 1980 பிப்ரவரி 2ஆம் தேதி, பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த மேடையில், எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ அதில் ஒரே சொல்லை மாற்றினார். மனிதன் என்ற இடத்தில் ஏழை என்று போட்டார். அவர் நாட்டில் அப்போது காப்பித் தோட்ட முதலாளிகளின் ஆட்சிக்கு எதிராகச் சங்கம் சேர்ந்த விவசாயிகளின் பிணங்கள் சாலையோரம் கிடந்தன. உயிரோடிருக்கும் ஏழை என்பது அங்கே அலங்காரப் பேச்சு இல்லை.

ஏழு வாரம் கழித்து, மார்ச் 24ஆம் தேதி, சான் சால்வடோரில் ஒரு மருத்துவமனைச் சிற்றாலயத்தில் பூசை செய்துகொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2018 அக்டோபர் 14ஆம் தேதி ரோமில் அவரைப் புனிதராக அறிவித்த பூசையில், அன்று அவர் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் போப் பிரான்சிஸ் கட்டிக்கொண்டு நின்றார். ரத்தக் கறையைக் கழுவவில்லை.